‘வரேன்’ என்று சொல்லிவிட்டால்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் நாங்கள் குடியிருந்த மாடியில் இரண்டே வீடுகள். ஒன்றில் நாங்கள், எதிர்வீட்டில் அக்கா. நடுவில் செருப்பு விடுவதற்குக் கொஞ்சம் இடம். அந்த இடத்தில் நின்று யாராவது “போறேன்” என்று சொல்லிவிட்டால் போதும், அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்துவிடுவார். கேஸ் சிலிண்டர் போடுகிறவர், கேபிள்காரர், என் கணவர், யாரும் தப்ப முடியாது.

“போறேன்னு சொல்லாதேப்பா. வரேன்னு சொல்லு.”

பார்சல் கொண்டுவருகிறவர் ஒருவர் அசாமிலிருந்து வந்தவர். அவருக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. அக்கா அவரையும் நிறுத்தி அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த மனிதர் கதவைத் தட்டும்போதும் “வரேன்” என்றார், ஓடிபி கேட்கும்போதும் “வரேன்” என்றார், பணம் குறைகிறது என்று சொல்லவும் “வரேன்” என்றே சொன்னார். எங்கள் மாடிக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது.

எல்லோரும்தான் வரேன் என்று சொல்கிறோம். வாய் தானாகச் சொல்கிறது. அக்காவிடம் இருந்த வம்பு என்னவென்றால், சொல்லிவிட்டால் அவர் வந்துவிடுவார். கீரை வண்டிக்காரம்மாவிடம் கீரை பிடிக்காமல் “சரிம்மா, வரேன்” என்று நகர்ந்துவிட்டு, சாயங்காலம் அதே அம்மாவைத் தேடித் தெருத்தெருவாகப் போய், வாடிப்போன அதே கீரையை வாங்கிக்கொண்டு வருவார். ஒருமுறை இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அக்காவுக்கு வேண்டாம். வேண்டாம் என்று சொல்லி முடித்து, பேச்சை நிறுத்தும்போது வழக்கம்போல “சரிம்மா, வரேன்” என்றார். அந்தப் பெண் மகிழ்ந்துபோய் ஆபீஸ் விலாசத்தைச் சொல்லிவிட்டாள். அடுத்த சனிக்கிழமை அக்கா பஸ் பிடித்து அங்கே போனார். உட்கார்ந்தார். டீ கொடுத்தார்கள், குடித்தார். பாலிசி எடுக்காமல் திரும்பி வந்தார்.

“எதுக்குக்கா போனீங்க?” என்று கேட்டேன்.

“வரேன்னு சொல்ட்டேனே பா.”

இதற்கெல்லாம் காரணம் அவருடைய கணவர் என்று கீழ்வீட்டில் சொல்லித் தெரிந்துகொண்டேன். கல்யாணமான சில வருஷங்களில் ஏதோ சண்டை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு “நான் போறேன்” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கியிருக்கிறார். சொன்ன வார்த்தையை அந்த மனிதரும் காப்பாற்றினார். ஹெப்பகோடியில் ஒரு பாக்டரியில் பார்த்ததாக ஒருவரும், கோலாரில் பார்த்ததாக ஒருவரும் சொன்னார்கள். அக்கா தேடிப் போகவில்லை. “போறேன்னு சொல்லிட்டு போனவரை இன்னான்னு கேக்கறது?” என்பார். அதில் அழுகையோ கோபமோ இருக்காது. கணவர் வாயிலிருந்து அந்தச் சொல் வெளிப்பட்டதைத் தடுக்காமல் விட்டுவிட்டோமே என்ற வருத்தம் மட்டும் இருந்ததாக எனக்குத் தோன்றும்.

அக்கா ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை பார்த்தார். காலையிலும் சாயங்காலமும் டியூட்டி, மதியம் வீட்டுக்கு வந்துவிடலாம். அங்கே காத்திருப்பவர்கள் படிப்பதற்கு வைத்திருந்த ஷெல்பில், யாரோ ஒரு பேஷன்ட் ஒரு பை நிறைய இங்கிலீஷ் அறிவியல் கதைப் புத்தகங்களை விட்டுப் போயிருந்தார். அவர் திரும்ப வரவில்லை. பல் சரியாகிவிட்டது போலிருக்கிறது. உள்ளே டிரில் மிஷின் ஓடிக்கொண்டிருக்க, வெளியே அக்கா வேற்றுக்கிரகப் படையெடுப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து முடித்தார். அக்காவின் இங்கிலீஷ் கன்டோன்மென்ட் இங்கிலீஷ். தயக்கமே கிடையாது.

படித்ததில் அவருக்கு ஒரு பெரிய குறை இருந்தது. அதை என்னிடம் பலதடவை சொல்லியிருக்கிறார்.

“எங்கேர்ந்தோ வரான் பா. எத்தனை வருஷம் பிரயாணம் பண்ணி வரான். வந்து வாசல்ல நிக்கறான். ஒருத்தனாவது வாப்பா, உக்காருன்னு சொல்றானா? ஜல்தி துப்பாக்கிய தூக்கறான். அப்புறம் சண்டை வராம இன்னா பண்ணும்?”

கொரோனா சமயத்தில் ஆஸ்பத்திரியை மூடி வைத்திருந்தபோது, அக்காவுக்குப் பொழுது போகவில்லை. ஐரோப்பாவில் ஒரு குளிர்ப் பிரதேசத்து ஊரில் வருஷாவருஷம் அறிவியல் கதை வாசகர்கள் கூடும் மாநாடு ஒன்று, அந்த வருஷம் ஆன்லைனில் நடப்பதாகப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். நான் வீட்டிலிருந்து ஐ.டி. வேலை பார்ப்பவள். பழைய லேப்டாப் ஒன்று என்னிடம் சும்மா கிடந்தது. அதைக் கொடுத்து, எதை அமுக்கினால் முகம் தெரியும், எதை அமுக்கினால் குரல் கேட்காது என்று காட்டினேன்.

என் கணவரிடம், எதிர்வீட்டு அக்கா மாநாட்டில் கலந்துகொள்கிறார் என்று சொன்னேன். “எந்தக் கட்சி?” என்று கேட்டார். லாரி, கொடி, பிரியாணிப் பொட்டலம் எதுவும் இல்லாத மாநாடு ஒன்று உண்டு என்பதை அவருக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மாநாட்டில் அக்கா தன் குறையை எழுத்தில் போட்டார். வாசலில் வந்து நிற்கிறவனை உள்ளே கூப்பிடாததுதான் உங்கள் கதைகளில் எல்லாப் பிரச்சினைக்கும் காரணம் என்று எழுதினார். அந்த ஊர்க்காரர்களுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அதைப் பற்றித் தனியாக ஒரு கூட்டமே போட்டுப் பேசினார்கள். அடுத்த வருஷம் அக்காவை வரவேற்புக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். மாநாட்டுக்கு ஆன்லைனில் வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லி, எந்த அறைக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டும் வேலை. பல் வலியோடு வருகிறவர்களை உட்காரவைத்துப் பழகியவருக்கு இது சுலபமாக இருந்தது. யாருக்கும் வலிக்காதது ஒரு கூடுதல் வசதி என்றார்.

நமக்கு மதியமென்றால் அவர்களுக்குக் காலை. அக்கா சாப்பிட்டுவிட்டு முடியைச் சீவிக்கொண்டு, வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் லேப்டாப் முன்னால் உட்காருவார். ஆட்கள் வரும்போது கதவு மூடியிருக்கக் கூடாது என்பார். வருகிறவர்கள் லேப்டாப்புக்குள்தானே வருகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். “இருக்கட்டும் பா” என்று சொல்லிவிட்டார்.

குழுவின் கூட்டங்களில் ஒரு சின்னக் கோளாறு இருந்தது. ஆஸ்பத்திரி திறக்கும் நேரம் நெருங்கியதும் அக்கா “ஐ வில் கம்” என்று டைப் செய்துவிட்டு, எதிரில் நான் இருக்கும் தைரியத்தில் கதவைக்கூட மூடாமல் எழுந்துபோவார். அவர் போய்விட்டார் என்று அவர்களுக்குத் தெரியாது. வருகிறேன் என்று சொன்னவருக்காக மரியாதையாகக் காத்திருப்பார்கள். அக்கா இங்கே பஸ் ஏறி, ஆஸ்பத்திரியைத் திறந்து, முதல் பேஷன்டை உள்ளே அனுப்பியிருப்பார். அவர்கள் அங்கே காபி குடித்துக்கொண்டு அவருடைய காலி நாற்காலியையும் திறந்த கதவையும் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எதிரில் என் வீட்டுக் கதவும் தெரியும். ஒருநாள் நான் குப்பைக் கூடையை வெளியே வைக்கப் போனபோது, உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல் இங்கிலீஷில் எனக்கு வணக்கம் சொன்னது.

“பை-ன்னு போடுங்கக்கா” என்றேன்.

“பை-ன்னா போறேன்னு அர்த்தம் இல்லே?”

“அது அவங்க வழக்கம்.”

“கன்னடத்திலயும் பர்த்தீனின்னுதான் சொல்றாங்க. வரேன்னுதானே அர்த்தம். பெங்களூரு பூரா சொல்லுது. அவுங்களும் பழகிக்கட்டும்.”

நோய்க்காலம் முடிந்தது. மாநாட்டை மறுபடியும் மண்டபத்தில் நடத்த முடிவு செய்தார்கள். அதற்கான கூட்டத்தில், வாசலில் வரவேற்பு மேசையில் யார் நிற்பது என்ற பேச்சு வந்தது. வருஷக்கணக்காக நின்றுகொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற நூலகர் ஓர் அம்மாள். அவருக்கு முட்டி தேய்ந்துவிட்டது, இனி நிற்க முடியாது. தலைவர் ஒரு தாடிக்காரர். “அப்படியானால் மேசைக்கு யார்?” என்று அவர் கேட்டார். கேட்ட அதே நேரம் ஆஸ்பத்திரி திறக்கும் நேரம். அக்கா “ஐ வில் கம்” என்று போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அவர் திரும்பி வந்தபோது மெயில்கள் குவிந்திருந்தன. இவ்வளவு தூரத்திலிருந்து வருகிறீர்களே என்று ஆளாளுக்கு உருகியிருந்தார்கள். டிக்கெட்டுக்கு எல்லோரும் சேர்ந்து ஏற்பாடு செய்கிறோம் என்று தாடிக்காரர் எழுதியிருந்தார். நூலகர் அம்மாள் தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்துவைப்பதாகவும், அரிசி வேகவைக்கக் கற்றுக்கொண்டிருப்பதாகவும் எழுதி, அறையின் போட்டோவும் வைத்திருந்தார். கட்டிலில் பூப்போட்ட விரிப்பு. ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை.

அக்கா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் படித்துவிட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“கிளம்பறேன்னு சொன்னதைத் தப்பா எடுத்துக்கிட்டாங்க. அவ்ளோதான். ரெண்டு வரி எழுதிட்டா சரியாயிடும். நானே எழுதறேன்” என்றேன்.

“இன்னான்னு எழுதுவே?”

“வரலைன்னு.”

அக்கா என்னைப் பார்த்த பார்வை, நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல இருந்தது.

“வரேன்னு சொல்ட்டேன் பா. அந்தம்மா விரிப்பெல்லாம் மாத்தி வெச்சிருக்காங்க.”

“அக்கா, உங்ககிட்ட பாஸ்போர்ட்டே கிடையாது.”

“எடுத்துக்கலாம்.”

எடுத்தார். பெங்களூரைத் தாண்டித் திருப்பதிக்கும் வேளாங்கண்ணிக்கும் மட்டுமே போயிருந்தவர் பாஸ்போர்ட் எடுத்தார். விசாரிக்க வந்த போலீஸ்காரர் இரண்டு கேள்வி கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, “பர்த்தீனி மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவுக்கு அவரைப் பற்றி மிக நல்ல அபிப்பிராயம் ஏற்பட்டுவிட்டது.

அதற்குப் பிறகு மேசை வேலைகள் ஆரம்பித்தன. வரவேற்பு மேசை என்றால் அக்காவுக்குத் தெரிந்தது கல்யாண மண்டபத்து வாசல்தான். சந்தனம், குங்குமம், கல்கண்டு, பன்னீர்ச் சொம்பு. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் தேடி ஒரு பன்னீர்ச் சொம்பு வாங்கினார். உள்ளே வருகிற ஒவ்வொருவர் மேலும் வாசனைத் தண்ணீர் தெளிப்பேன் என்று குழுவுக்கு எழுதினார். அந்தக் குழு இதை எடுத்துக்கொண்ட விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு அவர்கள் மேல் மரியாதை வருகிறது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிலர் ரோபோ வேஷத்தில் வருவார்கள், உடம்பில் பேட்டரி இருக்கும், தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று ஒருவர் கவலைப்பட்டார். தெளிக்கும் முன் அனுமதி கேட்க வேண்டும் என்று இன்னொருவர். நாலைந்து நாள் மெயில் போய் வந்து, கடைசியில் பன்னீர் பற்றி ஒரு விதிமுறை தயாராயிற்று. அனுமதி கேட்க வேண்டும், மின்சாரம் உள்ளவர்களுக்குக் கல்கண்டு மட்டும்.

“நம்ம கல்யாணத்துல இவ்ளோ யோசிச்சிருக்காங்களா பா யாராவது?” என்றார் அக்கா.

விசா விண்ணப்பத்தை நானும் அவரும் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிரப்பினோம். நான் கேள்வியைத் தமிழில் சொல்ல வேண்டியதே இல்லை, இருந்தாலும் சொன்னேன்.

“கல்யாணம் ஆயிடுச்சா?”

“ஆயிடுச்சு.”

“கணவர் கூட வராரா?”

“இல்லே.”

“அவர் எங்க இருக்கார்?”

அக்கா கொஞ்சம் யோசித்தார். “கொத்தில்லான்னு போடு” என்றார்.

தெரியாது என்று போட்டேன். பிள்ளைகள் இல்லை. சொந்த வீடு இல்லை. நிலம் இல்லை. ஊரில் உங்களை நம்பி யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தார்கள், யாரும் இல்லை. எதையாவது கொஞ்சம் பூசி மெழுகலாமா என்று கேட்டேன். “சும்னே எதுக்கு பொய்?” என்றார். நிரப்பி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். உண்மையை எழுதினால் ஒரு மனுஷி இவ்வளவு தனியாகத் தெரிவாள் என்று நான் நினைத்திருக்கவில்லை. அக்கா பேனாவை மூடிக்கொண்டு, ஸ்வெட்டர் எங்கே நன்றாகக் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

மாநாடு நெருங்கியது. விசா வரவில்லை. அக்கா தினமும் பெட்டியை மூடிப் பார்ப்பார், திறந்து பார்ப்பார். கிளம்ப வேண்டிய நாளும் வந்தது. பாஸ்போர்ட் இன்னும் தூதரகத்திலேயே இருந்தது. விமானம் அவர் இல்லாமல் போய்விட்டது. அன்று மதியம் நான் போனபோது அக்கா லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“இப்பவாவது சொல்லித்தான் ஆகணும்க்கா” என்றேன்.

“சொல்லிட்டேன் பா.”

எட்டிப் பார்த்தேன். “ஐ வில் கம் லேட்” என்று எழுதியிருந்தார்.

அவர்களும் நம்பினார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு, அக்காவின் பெயர் எழுதிய அட்டையை அதில் தொங்கவிட்டார்கள். அவர் வருகிறவரைக்கும் இருக்கட்டும் என்று நாற்காலியின் மேல் லேப்டாப்பை வைத்தார்கள். நாற்காலிக்குப் பக்கத்தில் நூலகர் அம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். அக்கா இங்கே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டுவிட்டு, வாசல் கதவைத் திறந்துவைத்து, மாநாடு முடியும்வரை எல்லா நாளும் உட்கார்ந்திருந்தார். வால் வைத்தவர்கள் வந்தார்கள், மூன்று கண் வைத்தவர்கள் வந்தார்கள். எல்லோரையும் வாங்க என்றார். நூலகர் அம்மாள் கடையில் வாங்கிய சர்க்கரைக் கட்டிகளை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் யாராவது குனிந்து திரையைப் பார்த்து, எப்போது வருகிறீர்கள் என்று கேட்பார்கள். அக்கா, “லேட்டாகும்” என்பார். அவர்கள் தலையாட்டிவிட்டு உள்ளே போவார்கள்.

கடைசி நாள் மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோதும் அந்த மேசையை மட்டும் எடுக்கவில்லை. நூலகர் அம்மாள் கோட்டை மாட்டிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று சொன்னார். நான் அக்காவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தாங்கவில்லை. துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் கூரியரில் பாஸ்போர்ட் வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கொடுத்தேன். செருப்பு விடும் இடத்திலேயே நின்று பிரித்தார். உள்ளே ஒரு தாள். விசா மறுப்பதற்கான காரணங்கள் எல்லாம் அச்சடித்திருந்தார்கள். ஒன்றுக்கு நேராக மட்டும் டிக் போட்டிருந்தது. அக்கா படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

“நீ படி. நான் தப்பா படிக்கறேன்.”

அவர் சரியாகத்தான் படித்திருந்தார். நீங்கள் உங்கள் நாட்டுக்குத் திரும்பி வருவீர்கள் என்று நம்புவதற்குப் போதிய காரணம் எங்களுக்குத் தெரியவில்லை என்று இருந்தது.

“எடமில்லேன்னு சொல்லியிருந்தா பரவால்லே. ஆள் புடிக்கலேன்னு சொல்லியிருந்தாலும் பரவால்லே. திரும்பி வரமாட்டேன்னு எழுதியிருக்காங்க பா, என்னைப் பார்த்து.” அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

எனக்கு அந்தத் தாளைக் கிழித்துப் போட வேண்டும் போல இருந்தது.

“உன்னைக் கேட்டாங்களா?” என்றார்.

“என்னையா? இல்லக்கா.”

“கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பே?”

“கண்டிப்பா திரும்பி வருவாங்கன்னு சொல்லியிருப்பேன்.”

“எப்படித் தெரியும்னு கேப்பாங்க.”

“நான் இங்க இருக்கேன்ல. அதனால வருவாங்கன்னு சொல்லியிருப்பேன்.”

அக்கா தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

“அதானே” என்றார். “இதைக்கூட எதிர்வீட்ல ஒரு வார்த்தை விசாரிக்காம, அவ்ளோ பெரிய ஆபீஸ் எதுக்கு வெச்சிருக்காங்க?”

பிறகு சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். வா பா, டீ போடறேன் என்று என்னையும் உள்ளே கூப்பிட்டார்.